ஸ்டார்ட்அப்பில் 3 ஆண்டுகள்: எல்லாவற்றையும் தொட்டேன், எதிலும் ஆழமில்லை. வெளியேறுவதா, இருப்பதா?

கேள்வி (பெருங்குடிவாசி)

வணக்கம். கல்லூரி முடித்த கையோடு சென்னை பெருங்குடியிலுள்ள ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். 3 ஆண்டுகள் நிறைவடையப் போகின்றன. மருந்து மொத்த வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருளைத் தயாரிக்கிறோம். நான் சேர்ந்தபோது பொறியாளர்கள் 7 பேர். இன்று 40 பேருக்கு மேல். ஆண்ட்ராய்டு செயலியின் திரைகள், பணம் செலுத்தும் இணைப்பு, கிடங்கின் இருப்புக் கணக்கு, சர்வர் இடமாற்றம் என எங்கே தீப்பற்றியதோ அங்கே என்னை அனுப்பினார்கள். நானும் விருப்பத்தோடுதான் சென்றேன்.

சென்ற மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலில், பணம் செலுத்தும் இணைப்பை நான் எழுதியதாகச் சொன்னேன். ஒரே பரிவர்த்தனைக்கான தகவல் இருமுறை வந்தால் என் நிரல் என்ன செய்யும் என்றும், சுமை பத்து மடங்கானால் எந்தப் பகுதி முதலில் திணறும் என்றும் கேட்டார்கள். முதல் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னேன், இரண்டாவதற்கு ஊகம்தான். அந்தப் பகுதியை எழுதி முடித்த மறுவாரமே நான் வேறு வேலைக்கு மாற்றப்பட்டுவிட்டேன்.

இதற்கிடையே, என்னைவிட 8 ஆண்டுகள் மூத்த ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வந்து எங்கள் குழுவின் லீடாக நியமித்திருக்கிறார்கள். அந்த இடத்தை நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (பழைய பின்தளத்தவன்)

உங்கள் நிலையில் நானும் இருந்திருக்கிறேன். இரண்டு ஸ்டார்ட்அப்களில் 11 ஆண்டுகள். எழுதிய நிரலுடன் அது உடையும் வரை உடனிருக்காததுதான் உங்கள் குறை என்று நினைக்கிறேன். பல பகுதிகளைத் தொட்டதில் தவறொன்றும் இல்லை. வேகமாக வளரும் இடத்தில் புதிதாகக் கட்டுவதற்குக் கைதட்டல் கிடைக்கும். கட்டியதைப் பேணுவதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பொறியாளரின் கணிப்புத்திறன் இரண்டாவதில்தான் உருவாகிறது.

என் அனுபவம் ஒன்று. ஒரு பெரிய அட்டவணையில் தேடல் மெதுவாக இருந்ததால், பட்டப்பகலில் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்தேன். நாங்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சாதாரண முறையில் இன்டெக்ஸ் உருவாக்கினால், அது முடியும்வரை அந்த அட்டவணையில் எதையும் எழுத முடியாது. வாடிக்கையாளர்களின் பில்கள் அனைத்தும் நின்றுபோயின. 'கன்கரன்ட்லி' என்ற ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்திருந்தால் எழுத்து தடைப்பட்டிருக்காது. அதற்கும் விலை உண்டு: நேரம் கூடுதலாகும், பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக முடிக்கும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் அதை இயக்க முடியாது, பாதியில் தோற்றால் பயன்படாத இன்டெக்ஸ் ஒன்று எஞ்சி நிற்கும். இவற்றையெல்லாம் அன்றிரவு, என்ன நடந்தது என்று குழுவுக்கு இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். நம்பியிருந்த காப்பு முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட, 6 மணி நேரத்துக்கு முந்தைய பிரதி ஒன்று தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள். நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு, உங்கள் காப்புப் பிரதியை யாராவது எப்போதாவது மீட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அந்த வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம்.

லீடைப் பற்றி: அவரைப் போட்டியாளராகப் பார்த்தால் இழப்பு உங்களுக்குத்தான். இதுவரை உங்கள் வடிவமைப்பைக் குறைகண்டு திருப்பி அனுப்ப அங்கே ஆள் இல்லை, இப்போது கிடைத்திருக்கிறார். பணம் செலுத்தும் இணைப்பை ஓராண்டுக்கு உங்கள் பொறுப்பில் விடும்படி கேளுங்கள். இரவில் அது உடைந்தால் முதல் அழைப்பு உங்களுக்கு வரட்டும். மறுத்தால் தாராளமாக வெளியேறுங்கள்.

பதில் (கணக்குப் பார்ப்பவள்)

மேலே சொன்னவரோடு உடன்படுகிறேன். ஆனால் இருப்பதா, போவதா என்று முடிவெடுக்குமுன் உங்கள் பங்குரிமைக் கடிதத்தை, அதாவது நிறுவனப் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையைத் தரும் கடிதத்தை, எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் 4 ஆண்டுகளில் படிப்படியாக உரிமை சேரும். இந்தியச் சட்டப்படி, வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழியாமல் எதுவும் சேராது. வேலையை விட்டபின் எத்தனை நாளுக்குள் பங்குகளை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

வாங்கும் நாளில், பங்கின் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் இடையிலான தொகை உங்கள் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். பட்டியலிடப்படாத நிறுவனமென்றால் பங்கை விற்க வழி இருக்காது, வரியை மட்டும் கைப்பணத்திலிருந்து கட்ட நேரும். 2020 நிதிநிலை அறிக்கை இந்த வரியைத் தள்ளிப்போட இடமளித்தது. ஆனால் அது தனிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டுமே, அங்கும் வேலையை விட்டால் வரி உடனே வந்து நிற்கும்.

2021 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டபோது 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்களானார்கள் என்று அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அதற்குப் பிறகு மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் எல்லோரும் பங்குரிமையைச் சம்பளமாகவே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிறுவனம் தொடங்கியது 2010இல் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பதில் (இரவுப்பணி)

ஒரு மாற்றுக் கருத்து. இரவு அழைப்பை ஏற்கச் சொல்வது எளிது. சுழற்சி முறையும் மறுநாள் ஓய்வும் இல்லாத இடத்தில் அது கற்றலாக இருக்காது, உடல்நலம்தான் கெடும். நான் 14 மாதங்கள் அப்படி இருந்தேன். குறைந்தது மூன்று பேர் மாறி மாறிப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெருங்குடிவாசி

அனைவருக்கும் நன்றி. கடிதத்தைப் படித்தேன். வேலையை விட்டால் 90 நாட்களுக்குள் வாங்க வேண்டும் என்றிருக்கிறது. அடுத்த பகுதி உரிமை சேர இன்னும் 4 மாதங்கள் உள்ளன. லீடிடம் நேற்றுப் பேசினேன். பணம் செலுத்தும் பகுதியைத் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆனால் இரவுச் சுழற்சிக்கு இப்போது இரண்டு பேர்தான் இருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் வரும்வரை இரவு 11 மணிக்கு மேல் வரும் அழைப்புகளைத் தாமே எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். காப்புப் பிரதியை மீட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. வரும் சனிக்கிழமை நான் பார்க்கிறேன்.