இன்னொரு சபை தேவையா?

திராட்சைக்கொடி:
எங்கள் பகுதியில் ஏற்கெனவே இரண்டு சபைகள் இருக்கின்றன. ஆனாலும் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் ஜெபக்கூடுகை நடத்தி வருகிறோம். அதை முறையான சபையாக்க வேண்டும் என்கிறார்கள் பாதிப்பேர்; மற்றவர்களுக்குத் தயக்கம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய மூப்பர்:
வேண்டாம் தம்பி. இருக்கிற ஆலயங்களில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. மற்றவன் போட்ட அஸ்திபாரத்தின்மேல் தான் கட்டுவதில்லை என்று பவுல் எழுதியிருக்கிறார் (ரோமர் 15:20). நான் பார்த்த புதிய சபைகளில் பெரும்பாலானவை சண்டையில் பிறந்தவை. ஒருவர் மூப்பர் தேர்தலில் தோற்பார். அடுத்த மாதமே அவருக்குப் புதிய சபை தொடங்கத் ‘தரிசனம்’ வந்துவிடும்.

விதைக்கிறவன்:
ஐயா, அப்போஸ்தலர் 18-ஐயும் கொஞ்சம் திறந்து பாருங்கள். கொரிந்துவில் பவுல் யூதரின் ஜெப ஆலயத்தை விட்டு யுஸ்து என்பவரின் வீட்டுக்குப் போனார். அந்த வீடு ஜெப ஆலயத்துக்கு அடுத்த வீடு! ஜெப ஆலயத் தலைவன் கிறிஸ்புவே குடும்பத்தோடு விசுவாசியானான். இன்று அப்படி நடந்தால் ‘ஆடு திருடுகிறார்’, அதாவது அடுத்த சபையின் ஆட்களை இழுக்கிறார் என்று முதல் கல்லை நீங்கள்தான் எறிவீர்கள்.
பெஞ்சு காலி என்கிறீர்களே, புதிதாக வருகிறவர் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் வந்து நிற்கும் குடும்பம் ஒரு பார்வை பார்க்கும்: இது எங்கள் இடம். அடுத்த வாரம் அவர் வரமாட்டார், வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சிறிய கூட்டத்தில் ஒருவர் இல்லையென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பழைய மூப்பர்:
அந்த அதிகாரத்தில் ஆறாம் வசனத்தை விட்டுவிட்டீர்கள். அந்த யூதர்கள் எதிர்த்துநின்று தூஷித்த பிறகுதான் பவுல் வெளியேறினார். பாடல் வேளையில் சத்தம் அதிகம், போதகர் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை என்பதற்காக அல்ல. பவுலும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவும்கூடக் கடுமையாகப் பிரிந்தார்கள். ஆனால் ஒருவர் சீப்புருவுக்குப் போனார், மற்றவர் சீரியா, சிலிசியா பக்கம் போனார். இருவரும் ஊழியம் செய்த அந்தியோகியாவில் எதிர்த்த தெருவில் யாரும் பெயர்ப்பலகை மாட்டவில்லை.
தம்பி, ஒரே ஒரு கேள்வி. உங்கள் கூடுகைக்கு வருகிறவர்களில் எந்தச் சபைக்கும் போகாதவர்கள் எத்தனைபேர்?

திராட்சைக்கொடி:
மறைக்க விரும்பவில்லை ஐயா. பாதிக்குமேல் பக்கத்துச் சபையார்தான். புதியவர்களும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு.

லீதியாளின் தங்கை:
வீட்டில் கூடுகிறோம் என்கிறீர்கள். யார் வீட்டில்? லீதியாள் பவுலுக்குத் தன் வீட்டைத் திறந்துகொடுத்தாள் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவு அறையைக் காலிசெய்து, கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, நாற்காலிகளைப் போட்டு, மறுநாள் எல்லாரும் போனபின் திரும்பவும் கட்டிலை இறக்கிப் போடுகிறவர் யார் என்று எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டார் சத்தத்தைப் பற்றியோ வாசலை மறித்து நிற்கும் வண்டிகளைப் பற்றியோ பேச வந்தால் முதலில் அந்த வீட்டுப் பெண்ணிடம்தான் பேசுவார்கள். அவரிடம் கேட்டீர்களா?

காணிக்கைப் பெட்டி:
சபை தொடங்குவதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் பொருளாளராக இருந்தவன் என்பதால் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதல் காணிக்கை எடுப்பதற்கு முன்பே கணக்கு யார் பெயரில் என்று முடிவுசெய்யுங்கள். போதகரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். அவர் பரிசுத்தவானாக இருந்தாலும் போடாதீர்கள். பணம் எடுக்க இரண்டு கையொப்பம் வேண்டும், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. எருசலேமுக்கு உதவிப்பணம் கொண்டுபோகும்போது பவுல் கூடவே வேறு சகோதரரையும் அனுப்பினார், யாரும் குற்றப்படுத்தாதபடிக்கு (2 கொரிந்தியர் 8:20). இடம் வாங்கினால் பதிவுபெற்ற அமைப்பின் பெயரில் வாங்குங்கள். பத்திரம் போதகர் குடும்பத்தின் பெயரில் இருந்தால் அது சபை இல்லை, பூர்வீகச் சொத்து.
19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷனெரி சங்கச் செயலாளர்களான ஹென்றி வெனும் ரூஃபஸ் ஆண்டர்சனும் சொன்னது இதுதான்: சபை தன்னைத் தானே ஆளவேண்டும், தாங்கவேண்டும், பெருக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் உதவியை நம்பி வாடகைக்கு மண்டபம் பிடித்தால், உதவி நிற்கும் அன்றே கதவும் மூடும்.

விதைக்கிறவன்:
பாதிக்குமேல் பக்கத்துச் சபையார் என்றால் என் பேச்சையும் மாற்றிக்கொள்கிறேன். யுஸ்து வீடு உங்களுக்குப் பொருந்தாது, அந்தியோகியா பொருந்தும். அங்கே சபையார் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள். அனுப்பியது யாரை? பர்னபாவையும் சவுலையும் (பிறகு பவுல் என்று அழைக்கப்பட்டவர்). தங்களிடமிருந்த முதல்தரமான ஆட்களை. நேராக அந்தப் போதகரிடம் போய், ‘எங்களை அனுப்புங்கள், இரண்டு நல்ல குடும்பங்களையும் கூடக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நடத்துகிறவர் நூதன சீஷனாக, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 1 தீமோத்தேயு 3:6-ஐ மூப்பர் ஐயா எடுத்துக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பழைய மூப்பர்:
எந்தப் போதகர் நல்ல குடும்பங்களைக் கொடுப்பார்? காணிக்கை குறையுமே.

விதைக்கிறவன்:
அதைச் சபைக்கூட்டத்தில் அவர் வாயால் சொல்லட்டும் ஐயா.

திராட்சைக்கொடி:
சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ‘போதகரிடம் இப்போது சொல்ல வேண்டாம், எல்லாம் முடிந்தபின் தெரிந்தால் போதும்’ என்று எங்களில் சிலரே சொல்கிறார்கள். அடுத்த கூடுகையில் முதலில் இதைத்தான் பேசப் போகிறோம். வீட்டுக்காரச் சகோதரியிடமும் கேட்கிறேன்; இதுவரை அவருடைய கணவரிடம் மட்டும்தான் கேட்டிருந்தோம்.

பழைய மூப்பர்:
சொல்ல வேண்டாம் என்கிறவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள் தம்பி. அந்த இரண்டு கையொப்பத்தில் ஒன்றுகூட அவர்களுடையதாக இருக்க வேண்டாம்.