மறுகட்டல், மறுவார்ப்பு, மீள்தொகுப்பு: எது?

நண்பர்களே,

லினக்ஸ் வகுப்புக்கான செய்முறைக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கருவகத்தின் (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைவடிவத்தை, அதாவது அதில் எந்தெந்த வசதி வேண்டும் என்ற தெரிவுகளை, மாற்றியபின் கருவகத்தைத் திரும்ப உருவாக்கும் வேலைக்கு ஒரு சொல் வேண்டும். ஓரிடத்தில் 'மீள்தொகுப்பு', இன்னோரிடத்தில் 'ரீபில்ட்' என்று எழுதியிருந்தேன். மாணவர்கள் இரண்டும் வெவ்வேறு வேலை என்று நினைத்துவிட்டார்கள்.

*

> மீள்தொகுப்பு

அம்மா, 'மீள்' வேண்டாம். மீளுதல் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருதல். மீட்டல், மீட்பு எல்லாம் அதன் பிறவினை வழி வந்தவை. பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு 'மீட்டெடுத்தல்' என்று அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இங்கே நடப்பது நேர் எதிர். இல்லாததைச் சேர்க்கிறோம், இருந்ததை நீக்குகிறோம். மறுபதிப்பு, மறுமணம் போல 'மறு' என்பதுதான் பொருந்தும்.

என் பரிந்துரை 'மறுவார்ப்பு'. அச்சை மாற்றினால் வார்ப்பு மாறும். அமைவடிவக் கோப்புதான் அச்சு. வார்த்தல் ஆழமான வினை. எண்ணத்தை ஒலியில் வார்ப்பதால்தானே 'வார்த்தை'!

*

ஐயா, 'மறு' சரி. 'வார்த்தை' வடமொழி 'வார்த்தா'விலிருந்து வந்தது, வார்த்தலோடு அதற்கு உறவில்லை.

சொல்வரலாறு இருக்கட்டும், உவமையே இடிக்கிறது. வார்ப்பென்றால் முழுவதையும் உருக்க வேண்டும். கருவகத்தில் அப்படி இல்லை. எந்த மூலக் கோப்பு எந்தத் தெரிவைச் சார்ந்திருக்கிறது என்று லினக்ஸ் குறித்து வைத்திருக்கும். ஒரு தெரிவை மாற்றிவிட்டு 'மேக்' என்ற கட்டளை கொடுத்தால், அதைச் சார்ந்த கோப்புகளை மட்டும் திரும்பத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்). மற்றவற்றுக்கு முன்பே தொகுத்து வைத்தது அப்படியே கிடக்கும். அப்புறம் எல்லாவற்றையும் இணைத்துப் புதிய கருவகப் படிமம் (கணினி தொடங்கும்போது ஏறும் கோப்பு) ஆக்கும். ஓர் இயக்கிக்கான (டிரைவர்) தெரிவை 'ஒய்' (படிமத்துக்குள்) என்பதிலிருந்து 'எம்' (தனியாக) என்று மாற்றினால் அது படிமத்தை விட்டு வெளியேறித் தனிக் கூறு (மாட்யூல்) ஆகிவிடும். இத்தனையும் சேர்ந்த வேலையில் தொகுத்தல் ஒரு பகுதிதான். அதனால் 'மறுதொகுப்பு'ம் போதாது.

'மறுகட்டு' என்று வைக்கலாம். நிறுவுதலிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும் என்பது இதில் பெரிய வசதி. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தில் 'பில்ட்கெர்னல்' (கட்ட), 'இன்ஸ்டால்கெர்னல்' (நிறுவ) என்று இரண்டு தனிக் கட்டளைகளே உண்டு. கட்டி முடித்ததும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு 'மாற்றமே தெரியவில்லையே' என்று கேட்கும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுவியிருக்க மாட்டார்கள், பழைய கருவகமே ஏறியிருக்கும். 'மறுகட்டு, பிறகு நிறுவு' என்று குறிப்பில் இருந்தால் இந்தத் தவறு குறையும்.

*

'கட்டு' என்றால் மூட்டை, காயத்துக்குப் போடுவது, இன்னும் என்னென்னவோ. மறுகட்டா, மறுக்கட்டா என்று வேறு தடுமாற வேண்டும். பேசாமல் 'கர்னலை மறுபடி கம்பைல் செய்தல்' என்று எழுதுங்கள். எல்லோருக்கும் புரியும்.

*

வலி மிகாது, நண்பரே. மறுபிறவி, மறுபக்கம் என்றுதானே எழுதுகிறோம்? மிகுத்தால் மறுத்தலின் சாயல் வந்துவிடும். பல பொருள் இருப்பதும் குறையல்ல. 'வீடு கட்டு' என்றால் யாரும் காயத்தை நினைப்பதில்லை.

'கர்னல்' என்பதை ஏற்க மாட்டேன். செய்தித்தாளில் அது படை அதிகாரி. ரகர மெய்யை அடுத்து னகரம் வருவது தொல்காப்பிய மெய்ம்மயக்கத்துக்கும் ஒவ்வாது. 'கருவகம்' நாவுக்கு எளிது, 'கரு' எல்லோருக்கும் தெரிந்த சொல்.

*

அனைவருக்கும் நன்றி. நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஐந்து பேரில் மூவர் 'மறுகட்டு' பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். வினை 'மறுகட்டு', பெயர் 'மறுகட்டல்'. முதல் முறை வரும் இடத்தில் 'அமைவடிவத்தை மாற்றியபின் கருவகத்தைத் திரும்ப உருவாக்குதல்' என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன்.

*

சரி, அச்சுக்குப் போகட்டும் அம்மா. ஆனால் 'மேக் கிளீன்' கொடுத்து முன்பு தொகுத்து வைத்ததை நீக்கிவிட்டு முதலிலிருந்து கட்டுவதும் உண்டே? அதற்கும் இதே சொல்லா? அங்கே எல்லாமே உருகித்தான் புதிதாக வருகிறது. அதற்காவது 'மறுவார்ப்பு' கேட்கிறேன். இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.