சாலொமோனின் கப்பலில் வந்தது மயிலா, குரங்கா?

கேள்வி:
1 இராஜாக்கள் 10:22-ல் சாலொமோனுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்த சரக்காகப் பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, கடைசியாக மயில் என்று நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. மூலத்தில் அந்தக் கடைசிச் சொல் 'துக்கிய்யீம்', அது நம்முடைய 'தோகை'தான் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது ஓர் ஆங்கிலப் பதிப்பைப் புரட்டினால் அதே இடத்தில் பபூன் குரங்கு என்று போட்டிருக்கிறார்கள். மயில் எப்படிக் குரங்கானது? எபிரேயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மறுமொழி 1:
நண்பரே, அந்தச் சொல் எபிரேய வேதாகமம் முழுக்க இரண்டே இடத்தில்தான் வருகிறது, நீங்கள் சொன்ன வசனத்திலும் 2 நாளாகமம் 9:21-லும். பின்னது முன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் என்பதால் சாட்சி ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வாக்கியத்தில் பொருத்திப் பார்க்க வழியில்லை. லத்தீன் வுல்காத்தா மயில் என்கிறது. அதற்கும் மூத்த கிரேக்க மொழிபெயர்ப்போ இராஜாக்களில் தந்தம், குரங்கு, மயில் எதையும் சொல்லாமல் செதுக்கிய கற்கள் என்கிறது, நாளாகமத்தில் குரங்கோடு நிறுத்திக்கொள்கிறது.

பபூன் வந்த வழி எகிப்து. எகிப்திய மொழியில் குரங்குக்கு உள்ள ஒரு சொல்லின் முன்னால் 'த' என்ற பெண்பால் சுட்டு சேர்ந்து 'துக்கி' ஆகியிருக்கலாம் என்று ஆல்பிரைட் என்ற அறிஞர் சொன்னார். கப்பல்கள் செங்கடல் வழியே ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிருந்தால் தந்தமும் குரங்கும் அங்கேயே கிடைக்கும், ஆனால் நாம் அறிந்த நீல மயில் அங்கே கிடையாது.

மறுமொழி 2:
தோகை பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது மனதுக்கு நெருக்கமான விஷயம். 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே கால்டுவெல் இதைப் பேசியிருக்கிறார். எபிரேயத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'ஈம்' பன்மை விகுதி, அதை எடுத்துவிட்டால் இராஜாக்களில் மிஞ்சுவது த, க, ய என்ற மூன்று மெய்கள் மட்டும். 'உ' என்ற உயிரும் 'க்க' என்ற இரட்டிப்பும் மசோரெத்தியர் (எபிரேய வேதாகமத்துக்கு உயிர்க்குறி இட்ட யூத அறிஞர்கள்) பல நூற்றாண்டு கழித்துப் போட்ட குறிகள். தோகை என்பதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசி ஐகாரத்தில் ஒரு யகரம் ஒலிக்கும். அதே த, க, ய! தோகை வாலைக் குறிக்கும் சொல் அல்லவா என்று கேட்டால், சங்கப் பாட்டிலேயே அது ஆகுபெயராகப் பறவைக்கும் வருகிறது.

மறுமொழி 1:
பொருத்தம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சாலொமோன் காலம் கி.மு. 10-ஆம் நூற்றாண்டு, நம் கையில் உள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்று அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அந்தக் காலத்தில் தோகை எப்படி ஒலித்தது என்று காட்ட ஒரு கல்வெட்டும் இல்லை. மூன்று மெய் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும்.

மறுமொழி 3:
இன்னொரு வேடிக்கை, இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி! மயிலுக்கு 'தவாஸ்' என்று வேறு சொல். அதனால் இன்றைய அகராதியைப் பார்த்து இந்த வசனத்துக்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. இந்தச் சந்தேகம் பக்கத்தில் உள்ள குரங்குக்கும் உண்டா? அது 'கோஃப்', சமஸ்கிருதக் 'கபி'யிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன்.

மறுமொழி 1:
குரங்கு என்ற பொருளில் பெரிய தகராறு இல்லை, சொல் எங்கிருந்து வந்தது என்பதில்தான். எகிப்திய மொழியிலும் ஏறக்குறைய அதே ஒலியில் குரங்குக்கு ஒரு சொல் இருக்கிறது. அது எகிப்தியம் என்று உறுதியானால் பக்கத்தில் நிற்கும் துக்கியும் அங்கிருந்தே வந்திருக்கும் என்ற வாதம் வலுக்கும், கபிதான் என்றால் சொல் இந்தியாவிலிருந்து போனதாகும், மயில் பக்கம் தட்டு சாயும். அதனால் இரண்டு சொல்லையும் சேர்த்தே பாருங்கள். நான் இப்போதைக்கு மயில் என்று வாசித்து, ஓரத்தில் பபூன் என்று குறித்துக்கொள்கிறேன்.