தட்டணுவும் சிவப்பணுவும் சேர்ந்து குறையும் குழந்தை: முதல் ரத்தம் எதற்கு, முதல் மருந்து எது?

இளங்குருத்து கேட்டது:

வணக்கம். போதனை மருத்துவமனை ஒன்றில் நோயெதிர்ப்பு ஒழுங்கின்மை உள்ள குழந்தைகளுக்குத் தனி கிளினிக் தொடங்குகிறோம். அனுப்பப்படும் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே சாயல்: எவான்ஸ் சிண்ட்ரோம் (உடலே தன் சிவப்பணுவையும் தட்டணுவையும் அழிப்பது), ஆறு மாதம் தாண்டியும் வடியாத நெறிகட்டி, பெரிய மண்ணீரல், விடாத வயிற்றுப்போக்கு. ரத்தவியல் ஒரு மருந்து, குடல் பிரிவு ஒரு மருந்து, நுரையீரல் பிரிவு இன்னொன்று என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். முதல் நாளே எந்த ரத்தத்தை எடுத்து வைக்க வேண்டும்? மரபணு முடிவு வரும்வரை எதை வைத்து ஓட்டுவது? ஆராய்ச்சி மாதிரியையும் சிகிச்சையையும் எப்படிக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது?

---

சோதனைக்கூடம்77:

டாக்டர், மூன்றில் முதல் கேள்விதான் முக்கியம். அதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஸ்டீராய்டு, ஐவிஐஜி (தானம் பெற்ற எதிர்ப்பொருளை நரம்பில் ஏற்றுவது), ரிட்டுக்சிமேப் (எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களை அழிக்கும் மருந்து) மூன்றுக்கும் முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் ஆபத்தான அளவில் இருந்தாலும் ஊசி குத்துகிற அதே நேரத்தில் இரண்டு மூன்று டியூப் நிரப்ப முடியும், மருந்து தாமதமாகாது. இமுனோகுளோபுலின் (ஐஜி எனப்படும் எதிர்ப்பொருள்) ஜி, ஏ, எம், ஈ, டெட்டனஸ் தடுப்பூசிக்கான எதிர்ப்பொருள், நேரடி கூம்ஸ் (சிவப்பணு மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை), வைட்டமின் பி12, ஈபிவி, சிஎம்வி வைரஸ்களுக்கு பிசிஆர், டிஎன்ஏ-வுக்கு ஒரு ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும்) டியூப், ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களைச் சாயமிட்டு வகைவாரியாக எண்ணுவது) இன்னொன்று. ரிட்டுக்சிமேப் போட்டபின் ஆறு மாதமோ அதற்கு மேலோ பி செல்லே இருக்காது. ஐஜிஜி குறைவு நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

ஃப்ளோ டியூபை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில், எடுத்த நேரம் எழுதி, 24 மணி நேரத்துக்குள் கூடத்துக்கு வரவேண்டும். வாரக் கடைசி மாலையில் எடுத்த ரத்தம் இரண்டு நாள் மேசையிலேயே கிடப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. செத்த செல்கள் எல்லா சாயத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஏஎல்பிஎஸ் (சாகவேண்டிய லிம்போசைட்டுகள் சாகாமல் சேரும் நோய்) சந்தேகம் என்றால் சிடி4, சிடி8 என்ற மேற்பரப்பு அடையாளங்கள் இரண்டும் இல்லாத டி செல்களை (இரட்டை எதிர்மறை செல்கள்) எண்ணச் சொல்வீர்கள். ஆல்ஃபா-பீட்டா ரிசெப்டர் சாயம் சேர்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சேர்க்காவிட்டால் காமா-டெல்டா எனும் வேறு வகை டி செல்களும் கணக்கில் ஏறி, நோயே இல்லாத குழந்தைக்கும் எண்ணிக்கை உயர்ந்து தெரியும். மொத்த லிம்போசைட்டில் 1.5%, அல்லது டி செல்லில் 2.5% என்ற வரம்பு லிம்போசைட் எண்ணிக்கை இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும்போதுதான் செல்லும். ஸ்டீராய்டில் லிம்போசைட் சரிந்தபின் எடுத்த சதவீதத்தை நம்பாதீர்கள். பி12 மி.லி.க்கு 1500 பிகோகிராமைத் தாண்டியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொன்று: நெறிகட்டி, மண்ணீரல் வீக்கத்தோடு ரத்த அணுக்களும் குறைந்திருந்தால் எலும்பு மஜ்ஜை பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்க வேண்டாம். லுகேமியாவும் லிம்போமாவும் ஸ்டீராய்டில் சுருங்கி ஒளிந்துகொள்ளும்.

---

நிணநீர்:

இரண்டாவது கேள்விக்கு. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுங்கள். ஏஎல்பிஎஸ் குழந்தைகளில் அதற்குப்பின் நிமோகாக்கஸ் செப்சிஸ் உயிரை வாங்கும். அணுக்குறைவோ திரும்பத் திரும்ப வரும்.

ஸ்டீராய்டைக் குறைக்க நான் முதலில் எடுப்பது சிரோலிமஸ் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து). உடல் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 2 மி.கி., நாளுக்கு ஒருமுறை. அளவு பார்க்க ஈடிடிஏ டியூபில் முழு ரத்தம் வேண்டும். மருந்து சிவப்பணுவுக்குள்தான் தங்கும், சீரம் அனுப்பினால் பயனில்லை. அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் எடுத்து, மி.லி.க்கு 5 முதல் 15 நானோகிராமுக்குள் வைத்துக்கொள்ளலாம். வோரிகோனசோலோ கிளாரித்ரோமைசினோ சேர்த்தால் அளவு எகிறும், ரிஃபாம்பிசின் சேர்த்தால் விழும். இதை யாரோ ஒருவர் கவனித்தாக வேண்டும். மூன்று பிரிவு மூன்று சீட்டு எழுதும் இடத்தில் யாரும் கவனிப்பதில்லை. வாய்ப்புண், கொழுப்பு உயர்வு இரண்டையும் ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள்.

சிடிஎல்ஏ4 (டி செல்லை அடக்கும் புரதம்), எல்ஆர்பிஏ குறைபாடு உறுதியானால் அபாடாசெப்ட் என்ற மருந்து. எல்ஆர்பிஏ என்பது சிடிஎல்ஏ4 புரதம் லைசோசோமில் அழியாமல் காக்கும் காவலாள். அது இல்லாவிட்டால் டி செல்லுக்குப் பிரேக் இல்லை. அந்தப் பிரேக்கின் வெளிப்பகுதிதான் இந்த மருந்து. சிறுவர் மூட்டுவாதத்தில் உள்ள அளவிலேயே தொடங்கலாம்: கிலோவுக்கு 10 மி.கி., 0, 2, 4-ஆம் வாரங்களில், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஈபிவி பிசிஆரைத் தொடர்ந்து பாருங்கள்.

நீடித்த ஸ்டீராய்டோடு வேறு மருந்தும் இருந்தால் கோட்ரைமாக்சசோல் (நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மருந்து) மறக்க வேண்டாம்: அதிலுள்ள ட்ரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு 5 மி.கி., வாரம் மூன்று நாள். உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது.

---

மரபணுமேசை:

எக்ஸோமில் (புரதம் உண்டாக்கும் மரபணுப் பகுதிகளைப் படிக்கும் பரிசோதனை) "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து மருந்தை மாற்றாதீர்கள். பெற்றோர் இருவர் ரத்தமும் சேர்த்தே அனுப்புங்கள். ஆனால் சிடிஎல்ஏ4-இல் ஒரு நுணுக்கம் உண்டு: அதே மாற்றத்தோடு அப்பாவோ அம்மாவோ நலமாகவே இருக்கலாம். அதனால் "பெற்றோரிடமும் இருக்கிறது, ஆகவே தீங்கில்லை" என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டெம் செல் மாற்று வரை போனால், தானம் தரும் உடன்பிறப்பையும் கட்டாயம் பரிசோதியுங்கள்.

எக்ஸோம் சுத்தமாக வந்தாலும் ஏஎல்பிஎஸ் கதவு மூடவில்லை. ஏஎல்பிஎஸ்-ஐ உண்டாக்கும் ஃபாஸ் மரபணு மாற்றம் சில குழந்தைகளில் அந்த இரட்டை எதிர்மறை செல்களில் மட்டும் இருக்கும். அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆராய்ச்சிக்கு ஒப்புதல் படிவம் தனியாக, கேட்பவரும் சிகிச்சை மருத்துவராக இல்லாமல் வேறு ஆளாக இருந்தால் நல்லது. தன் பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் "வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. ஆராய்ச்சிக்கு எடுக்கும் ரத்தத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு எட்டு வாரத்தில் கிலோவுக்கு 3 மி.லி., அதிகபட்சம் 50 மி.லி. 8 கிலோ குழந்தைக்கு 24 மி.லி.தான், ரத்தசோகை இருக்கும்போது அதிலும் குறையுங்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் கிடைத்த முடிவைப் புதிய மாதிரியில், அங்கீகாரம் பெற்ற கூடத்தில் மறுபடி உறுதிசெய்த பிறகே குடும்பத்திடம் சொல்லுங்கள்.

---

இளங்குருத்து:

மிக்க நன்றி. எங்களிடம் வரும்போதே ஐவிஐஜி போட்டிருந்தால்?

---

சோதனைக்கூடம்77:

ஐஜிஏ, ஐஜிஎம் அளவு குழந்தையுடையதாகவே பெரும்பாலும் நிற்கும், ஃப்ளோவும் செல்லும். ஐஜிஜியும் தடுப்பூசி எதிர்ப்பொருளும் தானம் கொடுத்தவர்களுடையவை, விட்டுவிடுங்கள். ஈபிவிக்கு பிசிஆர் மட்டும். ஏ, பி, ஏபி வகைக் குழந்தைகளில் ஐவிஐஜிக்குப்பின் கூம்ஸ் புதிதாக பாசிட்டிவ் ஆகி ஹீமோகுளோபின் இறங்கினால், நோய் முற்றிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டுமுன் ஐவிஐஜியிலேயே வந்த ஏ, பி எதிர்ப்பொருள்தானா என்று ரத்த வங்கியிடம் கேளுங்கள்.