பகலை ராத்திரியாக்கி இரவாடிகளைக் காட்டும் இருட்டு வீடுகள்: பார்க்கத் தகுந்ததா? விலங்குக்கு நல்லதா?

குட்டிக்கரணம் எழுதியது:

மே மாத லீவுக்கு சிங்கப்பூர் போகிறோம். நான், வீட்டுக்காரர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன், கூடவே மாமியார். பையன் தேவாங்குப் பைத்தியம், அதனால் நைட் சஃபாரிக்கு டிக்கெட் போட்டே ஆகவேண்டும் என்று அடம். எனக்குத்தான் தயக்கம். காரணம், போன வருடம் வேறொரு ஊரில் (பேர் வேண்டாம்) மிருகக்காட்சி சாலைக்குள் இரவு விலங்குகளுக்கென்று தனிக் கட்டடம் கட்டியிருந்தார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே கால் வைத்ததும் கும்மிருட்டு, எங்கோ மூலையில் நீலமாக ஒரு லைட். கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரிந்தது. பின்னால் வந்த ஒருத்தர் செல்போன் டார்ச்சை அடித்த பிறகு, முதுகைக் காட்டிச் சுருண்டு கிடந்த ஏதோ மரநாய் மாதிரி ஒன்றைப் பார்த்தோம். ரெண்டு நிமிடத்தில் வெளியே வந்தாச்சு.

சிங்கப்பூரிலும் இதே கதைதானா? அப்புறம் இன்னொன்று, பையன் கேட்டது: "ராத்திரின்னு பொய் சொல்லி ஏமாத்துறாங்களே, அதுக்கு உடம்பு கெடாதா?" பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஈசூன்வாசி எழுதியது:

தாராளமாகப் போங்க. இங்கே பொய் ராத்திரி கிடையாது, நிஜ ராத்திரிதான். 1994-ல் திறந்தார்கள், மண்டாய் காட்டோரம் 35 ஹெக்டேர். இருட்டின பிறகு மட்டுமே திறக்கும் விலங்குப் பூங்கா என்று கட்டியதில் உலகத்திலேயே இதுதான் முதல். இந்த ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது: பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும், குளிரும் கிடையாது. லண்டனில் இதைச் செய்தால் ஜூன் மாதம் இருட்டுவதற்கே பத்து மணி ஆகும், டிசம்பரில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

டிராமில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிக் காட்டுவார்கள். மாமியாருக்கு அது போதும். ஆனால் டிராமோடு திரும்பிவிடாதீர்கள், சின்னப் பிராணிகளை எல்லாம் நடைபாதையில்தான் பார்க்க முடியும். மீன்பிடிப் பூனை தண்ணீரில் முன்னங்காலை விட்டுத் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை டிராமிலிருந்து பார்க்கவே முடியாது. பையன் கேட்கும் ஜாதியில் ஸ்லோ லோரிஸ் உண்டு. நம்ம ஊர்த் தேவாங்குக்குப் பெரியப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குண்டு.

விலங்குகள் எப்படிக் கண்ணுக்கு எதிரே நிற்கின்றன என்று கேட்பீர்கள். சாப்பாட்டைப் பாதையோரமாக வைக்கிறார்கள், அவ்வளவுதான் ரகசியம். கம்பி வேலிக்குப் பதிலாகப் பள்ளம், ஓடை, செடிப் புதர். விளக்கெல்லாம் மரத்தோடு மரமாக உயரத்தில் இருக்கும், நிலா வெளிச்சம் மாதிரி கீழே விழும்படி. அந்த விளக்கு வேலையைச் செய்தவர் சைமன் கார்டர் என்ற பிரிட்டிஷ்காரர். நிஜ நிலவைவிடக் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், ஆனால் உட்கார்ந்து பார்க்கும்போது அது உறைக்காது.

---

விளக்குக்காரன் எழுதியது:

நான் ஜூ ஆள் இல்லை, கட்டடங்களுக்கு விளக்கு அமைக்கும் தொழில். இந்த இருட்டு வீடுகளைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு பித்து, எந்த ஊருக்குப் போனாலும் தேடிப் போய்ப் பார்ப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் கேட்டது நல்ல கேள்வி. உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது வெளிச்சம்தான், சுவர்க் கடிகாரம் காட்டும் மணி இல்லை. அமெரிக்கா போனவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாளில் தூக்கம் சரியாகிவிடுகிறதே, அதே ஏற்பாடு. புதிதாக வந்த பிராணிக்கு விளக்கு நேரத்தைச் சிறுகச் சிறுகத் தள்ளிக்கொண்டே வந்து, ஜூ மூடியிருக்கும் ராத்திரியை அதற்குப் பகலாகவும், ஜனங்கள் வரும் பகலை ராத்திரியாகவும் ஆக்கிவிடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் அதற்கு அது நிஜ ராத்திரிதான், பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இருட்டைப் பற்றி யோசித்த அளவுக்கு வெளிச்சத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ஜூ மூடிய பிறகு உள்ளே பளீரென்று எரியவேண்டும், பன்னிரண்டு மணி நேரமாவது எரியவேண்டும். அதற்குப் பதில் ஒற்றை டியூப்லைட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அந்த மரநாய்க்குப் பகல் எது, ராத்திரி எது என்றே பிடிபடாது. எந்நேரமும் ஒரு மாதிரி மசங்கல். கடிகாரம் தன்பாட்டுக்கு நழுவ ஆரம்பிக்கும், நீங்கள் போய் நிற்கும்போது அது தூங்கும். உங்களுக்கு முதுகு காட்டியது இதனாலும் இருக்கலாம். எந்த ஊர் இருட்டு வீட்டுக்குப் போனாலும் கீப்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாயங்காலம் மூடின பிறகு உள்ளே என்ன லைட் போடுறீங்க, எத்தனை மணி வரைக்கும்?" சட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். அவர் விழித்தால் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது நிறம். நீல விளக்கு போடுவது பார்க்க வருகிறவர்களுக்காக, சினிமாவில் ராத்திரிக் காட்சி என்றால் நீலமாகக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். ஆனால் 'இப்போது பகல்' என்று மூளைக்குச் சேதி சொல்லும் செல்கள் கண்ணுக்குள் இருக்கின்றன, அவற்றை அதிகம் உசுப்புவதே நீலம்தான். சிவப்பில் அந்தத் தொல்லை குறைவு, நிறைய இரவாடிப் பாலூட்டிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியவும் தெரியாது. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் ஜூ ஆட்கள் இரவாடிப் பிரைமேட்டுகளை (குரங்கு, தேவாங்கு வகையறா) வைத்து இதையே ஒப்பிட்டுப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். சிவப்பு வெளிச்சத்தில் நடமாட்டம் அதிகம், நீலத்தில் குறைவு. அதற்காக எல்லாவற்றுக்கும் சிவப்பு என்று எழுதி வைத்துவிடவும் முடியாது, பறவைகளுக்கும் பல்லி வகைகளுக்கும் சிவப்பு நன்றாகவே தெரியும்.

சரி, உங்களுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? வெயிலில் இருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அதனால்தான் நல்ல இருட்டு வீடுகளில் வாசலுக்கும் முதல் கண்ணாடிக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் நடை ஒன்று இருக்கும், போகப் போக இருட்டும். அது வெளி வெளிச்சத்தைத் தடுக்கும், உங்கள் கண்ணுக்கும் அவகாசம் கொடுக்கும். கதவைத் திறந்ததும் கூண்டு என்று கட்டினால் அது கட்டியவர் குற்றம். கண்ணாடியில் முகம் தெரிவதும் அப்படித்தான். ஆள் நிற்கும் பக்கம் உள்ளேயைவிட இருட்டாக இருக்கவேண்டும், சுவர் தரை எல்லாம் கறுப்பு, கண்ணாடியும் கொஞ்சம் சாய்வாக. அவ்வளவையும் செய்து முடித்த பிறகு ஒரு குழந்தை நடக்க நடக்க மின்னும் ஷூ போட்டுக்கொண்டு வரும், அல்லது யாராவது வாட்ஸ்அப் திறப்பார்கள். உங்கள் கண் மறுபடி பழைய நிலைமைக்கு வந்துவிடும், திரும்பவும் முதலில் இருந்து பழகவேண்டும்.

இன்னொன்று, வெளியில் யாரும் பேசாதது. விளக்குக்குப் போடும் எலக்ட்ரானிக் சோக் சிலது நம் காதுக்கு எட்டாத சுருதியில் கத்தும். நமக்கு அமைதியான அறை. வௌவாலுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

ஓணான் எழுதியது:

இவ்வளவு வித்தை எதற்கு? பகலில் வந்து பார்க்க மனுசனுக்கு வசதி வேண்டும் என்பதற்காக ஒரு ஜீவனின் சூரியனையே மாற்றி வைக்கிறோம். 2023-ல் மியாமி ஜூவில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? கிவிப் பறவையைப் பகல் வெளிச்சத்தில் மேஜை மேல் வைத்து, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களைத் தடவிப் பார்க்க விட்டார்கள். வீடியோ நியூசிலாந்து வரைக்கும் போய், அந்த நாடே கொதித்து, ஜூ மன்னிப்புக் கேட்டு நிறுத்தியது. எல்லா இடத்திலும் மனசு அதேதான், சில இடத்தில் கொஞ்சம் நாகரிகமாக நடக்கிறது.

---

மைன்கரை எழுதியது:

ஓணான் அண்ணே, கோபம் நியாயம், ஆனால் ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மியாமியில் நடந்தது இரவாடியைப் பகலில் எழுப்பிக் கையில் கொடுத்தது. இருட்டு வீடு அதற்கு நேர் எதிர், அங்கே அதன் ராத்திரிக்குள் நாம்தான் நுழைகிறோம். நியூசிலாந்திலேயே கிவியைக் காட்டுவது இப்படிப்பட்ட வீடுகளில்தான், ஓட்டோரோகங்காவில் 1971-லிருந்து நடக்கிறது.

நான் இருப்பது பிராங்க்பர்ட். இங்கே ஜூவில் கிரிமெக் ஹவுஸ் என்று 1978-ல் கட்டியது இருக்கிறது, போருக்குப் பின் அந்த ஜூவைத் தூக்கி நிறுத்திய பெர்ன்ஹார்ட் கிரிமெக் பேரில். உள்ளே ஆர்ட்வார்க் உண்டு, எறும்பும் கரையானும் தின்னும் ஆப்பிரிக்க இரவாடி. புத்தகப் படத்தில் பார்த்தால் கேலிச்சித்திரம் மாதிரி இருக்கும், கழுதைக் காது, பன்றி மூக்கு. நேரில் பார்ப்பது வேறு. மூக்கை மண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டே நடக்கும், காது மட்டும் தனித்தனியாகத் திரும்பும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். யாராவது கண்ணாடியைத் தட்டினால் ரெண்டும் சட்டென்று ஒரே பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிடும், மறுபடி நடக்க ரொம்ப நேரம் எடுக்கும். அதைப் பார்த்த பிறகு என் பிள்ளைகள் எந்த ஜூவிலும் கண்ணாடியைத் தொட்டதில்லை.

குளிர்நாட்டில் ஜூ சாயங்காலம் மூடிவிடும். இந்த வீடு இல்லை என்றால் ஆர்ட்வார்க் என்பது வளைக்குள் தூங்கும் ஒரு முதுகு, அவ்வளவுதான்.

---

ஓணான் எழுதியது:

முதுகையே பார்த்துவிட்டுப் போங்களேன், என்ன குறைந்துவிடும். தட்டினால் உறைந்து நிற்கிறது என்று நீங்களேதான் சொல்கிறீர்கள், தட்டுகிறவர்கள் தினமும் வருகிறார்கள்.

---

விளக்குக்காரன் எழுதியது:

தட்டுவது பகலில் காட்டும் கூண்டிலும் உண்டு, அதற்கு ஆள் போட்டுக் கண்டிக்கவேண்டும், வேறு வழி இல்லை. எனக்கு வேறு கவலை. இந்த வீடுகள் செலவு பிடித்தவை, காசு குறைந்தால் முதலில் பூட்டுவது இவற்றைத்தான். நியூயார்க் பிராங்க்ஸ் ஜூவில் 1969-ல் திறந்த 'வேர்ல்ட் ஆஃப் டார்க்னெஸ்' இந்த மாதிரிப் பகலைத் திருப்பிப் போடும் வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம். 2009-ல் பட்ஜெட் இல்லை என்று மூடிவிட்டார்கள், உள்ளே இருந்தவற்றை அங்கும் இங்கும் அனுப்பிவிட்டார்கள், மறுபடி திறந்தது 2025-ல். மூடிய இடம் பரவாயில்லை. மூடாமல், கெட்டுப்போன டைமரை மாற்றாமல், 'இருட்டாகத்தானே இருக்கிறது' என்று ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்கள்தான் மோசம். ஓணான் சொல்வது அந்த இடங்களுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும்.

---

குட்டிக்கரணம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பையனுக்கு விளக்குக்காரன் சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன், 'அப்போ ராத்திரி நிஜமா லைட் போடுறாங்களான்னு நாமளே போய்ப் பார்க்க முடியாதே' என்கிறான், அதற்கு என்ன சொல்ல! சஃபாரி டிக்கெட் போட்டாச்சு. மூன்று சின்னச் சந்தேகம்: டிராம் முதலிலா, நடை முதலிலா? போட்டோ எடுக்கலாமா? மழை வந்தால்?

நம்ம ஊர்த் தேவாங்கை எங்கே போய்க் காட்டுவது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

---

ஈசூன்வாசி எழுதியது:

பொழுது சாயும் நேரத்தில் டிராமுக்குப் பெரிய வரிசை நிற்கும். அந்தக் கூட்டம் டிராமில் இருக்கும்போது நீங்கள் நடைபாதைக்குப் போய்விடுங்கள், கண்ணும் பழகிவிடும், அப்புறம் ஒன்பது மணிக்கு மேல் நிதானமாக டிராம். மாமியாரை வாசல் பக்கம் சாப்பாட்டுக் கடையில் உட்கார வையுங்கள், பையனோடு ஒருத்தர் நடந்தால் போதும். பிளாஷ் கூடவே கூடாது, கண்டிப்பாகச் சொல்வார்கள். பிளாஷ் இல்லாமல் போனில் எடுத்தால் கறுப்பு மேல் கறுப்புதான் வரும், அதனால் போனைப் பைக்குள் போட்டுவிடுவது உத்தமம். லேசான தூறலுக்கு ஒன்றும் ஆகாது. மின்னல் வெட்டினால் நடைபாதையை மூடுவார்கள், அதனால் கடைசி நாளுக்கு வைக்காமல் பயணத்தின் முதல் பாதியிலேயே போய்விடுங்கள்.

---

மைன்கரை எழுதியது:

தேவாங்கு விஷயம்: கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் பக்கம் 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது, நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். நினைத்தபோது ராத்திரியில் டார்ச்சோடு நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். சொந்த ஊர் அந்தப் பக்கம்தான் எனக்கு. லீவுக்கு வரும்போது முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி எடுத்துப் போங்கள், விளக்குக்காரன் சொன்ன அதே காரணத்துக்காகத்தான். முள்மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ரெண்டு புள்ளி பக்கத்தில் பக்கத்தில் மினுங்கினால் அதுதான். வெளிச்சத்தை முகத்தில் நிறுத்தி வைக்காமல் உடனே விலக்கிவிடச் சொல்லுங்கள் பையனிடம்.