சிப் இல்லாமல் வேலை நின்ற கதை உங்களிடமும் உண்டா?

சம்மாந்துறை ஆலைக்காரன்
2021 சிறுபோக வெட்டு நேரம் நிறம் பார்த்து அரிசி பிரிக்கிற கலர் சோட்டர் மெஷினின் போர்ட் போனது. கறுப்பரிசி, கல் எல்லாம் நல்ல அரிசியோடு சேர்ந்தே கொட்டுது. கொழும்பில் கேட்டால், "சிப் இல்லை அண்ணன், கொரோனா" என்றார்கள். கழற்ற வந்த பொடியன் கருகிய இடத்தைத் தொட்டுக் காட்டினான். ஒரு குறுநொய் அளவுதான்! அதுக்காக அவ்வளவு பெரிய மெஷின் சும்மா கிடக்க, பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுளகில் புடைத்தோம். இன்னும் ஆறவில்லை.

கல்லடி கராஜ்
எனக்கு ஒரு ரீச்சரின் ரீகண்டிஷன் காரில் இன்ஜின் கம்பியூட்டர் போனது. அந்த ரீச்சர் கேட்ட கேள்வி மறக்காது: "தம்பி, ஜப்பான்காரனிட்டயே இல்லையா?" உடைத்த வண்டியில் கழற்றிப் போட்டேன், ஓடுது.

ஏறாவூர்வாசி
ஆலைக்கார அண்ணன், கொரோனா என்பது பாதிக் கதை. 2020இல் கார் கம்பனிகள் வண்டி விற்காது என்று பயந்து சிப் ஓடரைத் தாங்களாகவே வெட்டின. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் லெப்டொப் அந்த இடத்தைப் பிடித்தது. கார் கம்பனிகள் திரும்பி வந்தால் வரிசையின் கடைசி. ஒரு சிப் செய்து முடிக்கவே மூன்று நாலு மாதம் போகும். 2021 மார்ச்சில் ஜப்பானில் கார் சிப் செய்யும் ரெனெசாஸ் கம்பனியின் நாக்கா ஃபாக்டரியும் எரிந்தது. 2011 பூமியதிர்ச்சியில் சூடுபட்ட டொயோட்டா, சிப்பைச் சில மாதங்களுக்குக் கையிருப்பில் வைக்கச் சாமான் கொடுக்கும் கம்பனிகளிடம் சொல்லியிருந்ததால் முதலில் தாங்கியது. அதுவே 2021 செப்டெம்பருக்குத் திட்டமிட்ட உற்பத்தியில் 40 வீதம் குறைத்தது. 2025 ஒக்டோபரில் நெக்ஸ்பீரியா என்ற நெதர்லாந்து சிப் கம்பனியை வைத்து வந்த தகராறில் ஹொண்டாவின் மெக்சிகோ ஃபாக்டரி நின்றதும் டயோட், ட்ரான்சிஸ்டர் மாதிரிச் சில்லறைச் சாமான் இல்லாமல்தான்.

கல்லடி கராஜ்
டொயோட்டா கட்டி வைக்கும், சரி. 2022இல் நாங்கள் எதைக் கட்டி வைப்பது? டொலர் இல்லை, இறக்குமதிக்கு வங்கி பொறுப்பேற்கும் எல்சி திறக்க வங்கி மாட்டேன் என்றது. சிப் கிடைத்தாலும் இங்கே வந்திராது.

அக்கரைப்பற்று போன் கடை
ஒன்லைனில் வாங்கிய சார்ஜிங் ஐசி, அதாவது போனுக்குச் சார்ஜ் ஏற்றும் சிப், போட்ட உடனே புகைந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் கேளுங்கள். தட்டுப்பாடு வந்தால் போலியும் வரும். பழைய சிப்பின் முதுகைத் தேய்த்து, கறுப்புப் பூசி, புது நம்பர் அடிப்பார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். கறுப்பு ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள். ஒட்டாவிட்டாலும் முழுக்க நம்ப வேண்டாம், இப்போது அதுக்கும் அசையாத பூச்சு அடிக்கிறான்கள். சிப்பின் உலோகக் கால்களைப் பாருங்கள், பழைய ஈயம் தெரியும். ஒரே பெட்டியில் வந்தவற்றின் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். செத்த போர்டை இரும்புக்காரனுக்குக் கிலோக் கணக்கில் போடாதீர்கள், நல்ல சிப் அதில்தான் இருக்கும். கழற்றும்போது சூடான காற்று அடிக்கும் ஹீட் கன்னைக் கிட்டப் பிடிக்க வேண்டாம், பக்கத்துச் சாமானும் சேர்ந்து போய்விடும்.

சம்மாந்துறை ஆலைக்காரன்
தம்பி, நான் அரிசி குத்துகிறவன். ஹீட் கன் எனக்கு எதுக்கு?