லோட்டஸ் செவன் மாதிரி வண்டிக்கு எந்த மட்கார்டு வைக்கலாம்?

வணக்கங்க. கோவை கணபதியில் மச்சான் பட்டறையில் லோட்டஸ் செவன் (இங்கிலாந்தின் பழைய, திறந்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறோம், மாருதி இன்ஜின் போட்டு. ரோட்டுக்கு இல்லைங்க, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்ட மட்டும்தான். சேஸ் முடிந்துவிட்டது. சண்டையெல்லாம் பாடியில்தான்.

எனக்குப் பிடித்தது, சக்கரத்தை ஒட்டி வளைந்து, ஸ்டியரிங் திருப்பினால் கூடவே திரும்பும் குட்டி மட்கார்டு. மச்சானுக்கோ பின்னால் வரை இறங்கி நீளும் பெரிய மட்கார்டு வேண்டும். அதுதான் ஒரிஜினலாம். ஆனால் 1957-ல் வந்த முதல் செவனில் இருந்ததே குட்டிதான். நீளமானது அப்புறம் வந்தது. அதுவும் இங்கிலாந்தில் வரியை மிச்சம் பிடிக்க, பலர் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்ட வண்டி இது. இதில் எந்த ஒரிஜினலைப் பிடிப்பதுங்க? முன்மூக்கில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. அதில் கை வைத்தால் அது செவனே இல்லை.

குட்டி மட்கார்டு வேகத்தில் ஆடி, பிராக்கெட்டில் வெல்டிங் விட்டுப்போகுமா? ஃபைபர் நல்லதா, அலுமினியமா? கரூர் பஸ் பாடி பட்டறைகளில் தகட்டைக் கையால் தட்டி வளைக்கும் ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்க.

பெயிண்ட் பற்றி யோசனை வேண்டாம். மஞ்சள்தான்.